பத்திரமா இருக்குக்கா

அன்றைக்கு விசாரணை அறையில் நான் ஒரு சொல்லைத் தவறாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மூன்று வருடம் ஆகிறது. அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த தம்பி அவன். வயது இருபத்து நாலு. செம்பனையில் (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும் குத்தகைக்காரர், அதாவது காண்ட்ராக்டர், ஒருவரிடம் வேலை. நாலு மாதமாகச் சம்பளம் சரியாக வரவில்லை என்று புகார் கொடுத்திருந்தான். மலேசியத் தொழிலாளர் இலாகா அதிகாரி மலாயில் கேட்டார்: பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? நான் தமிழில் கேட்டேன்.

"ஓனர்ட்ட பத்திரமா இருக்குக்கா" என்றான்.

நான் 'டிசிம்பான் டெங்கான் செலாமாட்' என்று சொன்னேன். பாதுகாப்பாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அகராதிப்படி அதில் குற்றம் கிடையாது. அதிகாரி தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்: "அக்கா, நான் பாஸ்போர்ட்டத் திருப்பிக் கேட்டேன்னு ஓனருக்குத் தெரிஞ்சிருமா?"

"எப்பப்பா கேட்ட?"

"எங்க அப்பத்தா செத்தப்ப. ஊருக்குப் போவணும்னு கேட்டேன். மூவாயிரம் வெள்ளிய வச்சிட்டு எடுத்துட்டுப் போன்னாரு. அப்புறம் கேக்கலக்கா."

இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். பதினொரு வருடம் வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவள். பிறர் பாஸ்போர்ட்டை அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்தில் குற்றம். இதெல்லாம் தெரிந்தவள்தான் அவனுடைய 'பத்திரமா'வை 'செலாமாட்' ஆக்கியிருந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்ப உள்ளே போனேன். என் மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும், 'டிதாஹான்' என்று இருக்க வேண்டும், தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அது அவர் சொன்ன சொல்லா, நீங்கள் சொல்லும் சொல்லா?"

நியாயமான கேள்வி. அவன் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. முதலில் ஒரு சொல்லை மழுக்கிவிட்டேன். அதைச் சரிசெய்கிறேன் என்று, அவன் வாயில் இல்லாத ஒரு சொல்லைத் திணிக்கப் பார்த்தேன். அப்புறம்தான் தம்பியைத் திரும்ப உட்கார வைத்து, அப்பத்தா இறந்த கதையை அவன் வார்த்தையிலேயே சொல்லச் சொன்னேன். மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்), என்றைக்கு, எங்கே நின்று கேட்டான், கூட யார் இருந்தார்கள். ஒவ்வொரு வாக்கியமாக மலாயில் சொன்னேன். அது அப்படியே வாக்குமூலத்தில் ஏறியது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை அதிகாரி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து நான் இரண்டு பக்கமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் வந்தவர் சொன்னது, வலது பக்கம் நான் மலாயில் சொன்னது.

---

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டருக்குள். பேரைச் சொன்னதும் சிலருக்கு 1948 நினைவுக்கு வரும். ஜூன் 16 அன்று இங்கே சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் கொல்லப்பட்டார்கள், அதைத் தொட்டு அவசரகாலம் வந்தது. சிலருக்குத் துன் சம்பந்தன் நினைவுக்கு வருவார், இந்த மண்ணில் பிறந்தவர். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போன காலத்தில், 1960இல், தொழிலாளர்களின் சேமிப்பைச் சேர்த்துத் தோட்டம் வாங்க தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். எனக்கு ஊர் என்றால் லிந்தாங் போகிற சாலை, மழை விட்டதும் செம்பனை மட்டை ஊறிய வாடை, பாசாரில் காலையிலேயே தீர்ந்துபோகும் முருங்கைக்கீரை.

கடைவீட்டு மாடியில் ஒரு அறையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஈப்போவிலிருந்து மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை வரும் வழக்கறிஞர் ஒருவர். ஓய்வு பெற்ற டிரெசர் ஒருவர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் மருத்துவ உதவியாளராக இருந்தவர். அப்புறம் நான். எங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆனாலும் ஆள் வந்துகொண்டே இருக்கிறது. சம்பளம் கிடைக்காதவர், ஐசி (அடையாள அட்டை) இல்லாதவர், மண்டோரின் (கங்காணியின்) தொந்தரவு தாங்காத பெண், வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்த குடும்பம்.

இந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்று கேட்பவர்களுக்கு அப்பாவின் கதையைத்தான் சொல்வேன்.

அப்பா பால்மரம் வெட்டியவர், ரப்பர் பால் எடுப்பவர். இருபத்தேழு வருடம் ஒரே தோட்டம். தொண்ணூறுகளின் நடுவில் தோட்டம் கை மாறியது. ஒரு நாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடவில்லை. ஒப்பீசுக்கு வரச் சொன்னார்கள். கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) ஒரு தாளை நீட்டினார், அப்பா கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "நிறுத்திட்டாங்க" என்றார். அந்தத் தாளில் இருந்தது 'பெர்ஹென்தி செண்டிரி'. தானாக நின்றுகொண்டார்.

வேலை நீக்கப் பலன்களுக்கு 1980இல் விதிமுறைகள் வந்திருந்தன. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவரை நிறுத்தினால், ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது இருபது நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு ஐந்நூற்று நாற்பது நாள் சம்பளம் வந்திருக்க வேண்டும். தானாக நின்றவருக்கு அது கிடையாது. மலாயிலும் தமிழைப் போலத்தான். 'பெர்ஹென்தி' என்றால் நின்றார், 'டிபெர்ஹென்திகான்' என்றால் நிறுத்தப்பட்டார். மலாய் எழுதும் ரோமன் எழுத்தில் முன்னால் இரண்டு எழுத்து, பின்னால் மூன்று எழுத்து. அதை யார் விட்டார்கள், தெரிந்தே விட்டார்களா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. வேலையோடு சேர்த்து, தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போனது. அம்மா துளசிச் செடியை ஒரு மீலோ டின்னில் பிடுங்கி வைத்துக்கொண்டு லோரியில் ஏறினாள். அது எனக்குப் பதினாறு வயது.

அந்தத் தாளை அப்பா மடித்து சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். நான் குமாஸ்தா வேலைக்குப் போய், சட்ட மலாய் படிக்கத் தெரிந்த பிறகுதான் அதைப் பிரித்துப் பார்த்தேன். கேட்க வேண்டிய காலம் எப்போதோ முடிந்திருந்தது.

அந்த நாளில் எங்கள் ஊருக்கு இது புதிதில்லை. தோட்டம் தோட்டமாக இதே கதைதான். நெஞ்சு நோய் மருத்துவரான டாக்டர் ஜெயக்குமார் தேவராஜும் அவரோடு இருந்தவர்களும் இங்கே தோட்ட மக்களோடு உட்கார்ந்து வீட்டுக்காகவும் இழப்பீட்டுக்காகவும் போராடிய காலம் அது. பின்னால் 2008 முதல் 2018 வரை அவர் எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அரசியலில் யார் எந்தப் பக்கம் என்பது இருக்கட்டும். படித்த ஒருவர் தரையில் உட்கார்ந்து, கணக்கைத் தமிழில் விளக்குவதைப் பார்த்தபோது எனக்கு ஒரு வழி தெரிந்தது.

---

டிரெசர் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வந்தவர்களிடம் அவர் முதலில் கையை நீட்டச் சொல்வார். கேள்வி எல்லாம் அப்புறம்தான். நகத்தைப் பார்ப்பார், விரல் இடுக்கைப் பார்ப்பார், மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். "என்ன வேலைம்மா?" என்பார். "மருந்தடிக்கிறேங்கையா" என்று பதில் வரும்.

தோட்டத்தில் பூச்சிக்கொல்லிக்கும் களைக்கொல்லிக்கும் மருந்து என்றுதான் பேர். என் அம்மாவும் மருந்தடித்தவள்தான். முதுகில் தொட்டி, கையில் குழாய், மூக்கில் கட்டிய பழைய துண்டு. மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுக்குத்தான். ஆஸ்பத்திரியில் போய் "மருந்து பட்டுருச்சு" என்று சொன்னால், தமிழ் தெரிந்த மிஸ்ஸி (நர்ஸ்) இல்லாவிட்டால், அது 'உபாட்' என்று மலாயில் போகும். ஆஸ்பத்திரியில் உபாட் என்றால் மாத்திரை, டானிக். கார்டில் 'மருந்து ஒவ்வாமை' என்று எழுதி அரிப்புக்குக் களிம்பு கொடுத்து அனுப்பிய ஒரு கார்டை ஐயாவே எனக்குக் காட்டியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு நகம் கழன்றிருந்தது. பாராகுவாட் என்கிற களைக்கொல்லி.

பாராகுவாட்டை நிறுத்தப்போவதாக அரசாங்கம் 2002இல் அறிவித்தது. 2006இல் மறுபடி அனுமதித்தது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட பதினெட்டு வருடத்தில் எத்தனை கை அந்தக் குழாயைப் பிடித்திருக்கும் என்று ஐயா கணக்குப் போட ஆரம்பிப்பார், பாதியில் விட்டுவிடுவார். நான் கிளினிக்கில் கூட இருந்து மொழிபெயர்க்கும்போது மருந்து என்ற சொல்லை மலாயில் சொல்வதே இல்லை. 'ராச்சுன்' என்று சொல்லிவிடுவேன், விஷம். அது அவர்கள் சொன்ன சொல்தானா என்று அந்த அதிகாரியின் கேள்வி எனக்குள் வரும். இங்கே நான் தயங்க மாட்டேன். டின்னில் மண்டை ஓடு போட்டிருக்கிறது. அவர்களிடமே "டின்னுல என்ன படம்மா இருந்துச்சு?" என்று கேட்டு அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

---

கடன் என்ற சொல்லும் இப்படித்தான்.

உலகத் தொழிலாளர் நிறுவனம் கட்டாய உழைப்புக்குப் பதினொரு அடையாளங்கள் சொல்கிறது. கடனில் கட்டிப்போடுவது, அடையாளப் பத்திரங்களை வைத்துக்கொள்வது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, வெளியே விடாமல் தனிமைப்படுத்துவது, மிரட்டுவது, அளவுக்கு மீறி ஓவர்டைம் வாங்குவது என்று போகும் அந்தப் பட்டியல். மலேசியா 2022இல் கட்டாய உழைப்பு நெறிமுறையை ஏற்றது. 2023 ஜனவரி 1 முதல் நம் வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே கட்டாய உழைப்பு ஒரு குற்றம், 90பி பிரிவு. வேலையில் பாகுபாடு காட்டினால் விசாரிக்க 69எஃப் பிரிவும் அதோடு வந்தது. இதெல்லாம் பெரிய காரியம். நான் குறைத்துச் சொல்லவில்லை. அப்பா காலத்தில் இதில் பாதி இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

ஆனால் "கடன் இருக்கா?" என்று கேட்டால் தமிழ்நாட்டுத் தம்பிகள் இல்லை என்பார்கள். கடன் என்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். ஏஜெண்டுக்குக் கொடுத்தது கடன் கிடையாது, அது 'செலவு'. நானும் முதலில் இல்லை என்றே எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அலுத்துப்போய் ஒருவரிடம் சும்மா கேட்டேன்: "வீட்டுக்காரம்மா கழுத்துல இப்ப என்ன போட்டிருக்காங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மஞ்சக் கயிறுதாங்க. தாலிச்செயின் கடையில இருக்கு."

அங்கிருந்து எல்லாம் வந்தது. எந்த அடகுக் கடை, எத்தனை பவுன், மாத வட்டி எவ்வளவு, மிச்சத்தை மச்சான் எந்த நிலத்தின் பேரில் வாங்கிக் கொடுத்தார். இங்கே வந்து இறங்கியதும் சொன்ன சம்பளம் வேறு, கையில் கொடுத்த சம்பளம் வேறு. வேலையை விட்டால் வட்டி நிற்காது. ஊருக்குப் போனால் செயினை மீட்க முடியாது. அவர் யாராலும் பூட்டி வைக்கப்படவில்லை, கதவு திறந்துதான் இருந்தது. அதை எப்படி எழுதுவது? அதற்குத்தான் அந்தப் பதினொன்றில் கடன் ஒரு அடையாளமாக இருக்கிறது. இப்போதெல்லாம் நான் கடன் இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. நகை எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன்.

பெண்கள் 'ஒரு மாதிரி பேசுறாரு' என்று சொல்லும்போதும் இதே கதைதான். ஒரு மாதிரி என்பதை அப்படியே மலாயில் வைத்தால் ஒன்றுமில்லாமல் போய்விடும். பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் எல்லாருக்கும் தெரியும்படி ஒட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் போன ஒரு ஒப்பீசில் விரல் ரேகை மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள், மலாயில். கூட வந்த அக்கா தினமும் அதன் முன்னால்தான் கட்டை விரலை வைக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் வாசித்துச் சொன்னபோது, "இது எனக்குத்தானா?" என்று கேட்டார்.

---

எனக்கு மனசு கசக்கிற ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

குத்தகைக்காரர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். அவர்கள் அப்பாக்களும் என் அப்பாவோடு பெரட்டில் நின்றவர்கள்தான். தமிழ்நாட்டிலிருந்து வருபவரை நாம் 'ஊர்க்காரன்' என்கிறோம். அந்தச் சொல்லில் இருக்கவேண்டிய பாசம் எங்கே போனது என்று தெரியவில்லை. பங்களாதேசிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் ஒரு ஊர்க்காரத் தம்பியைப் பின்னால் போகச் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன். சட்டை அழுக்காக இருந்ததாம். காட்டிலிருந்து நேராக வந்திருந்தான்.

1941இல் கிள்ளான் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் தலைமை. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தைத் தமிழனுக்கும் கொடு என்று கேட்டார்கள். அதோடு கேட்ட மற்றவை என்ன தெரியுமா? துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்கிற வழக்கத்தை நிறுத்து. எங்கள் பெண்களிடம் அத்துமீறாதே. சொந்தக்காரர், சிநேகிதர் தோட்டத்துக்குள் வந்து எங்களைப் பார்க்க விடு. கள்ளுக்கடையை மூடு. பட்டாளம் வந்தது, சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

சொந்தக்காரரை உள்ளே விடு என்று கேட்ட மக்களின் பேரப்பிள்ளைகள், இன்று கொங்சியில் (தொழிலாளர் கொட்டகையில்) தங்கியிருக்கும் ஆட்களைப் பார்க்க என்னை உள்ளே விடுவதில்லை. "என்னா அக்கா, நம்ம ஆளுங்கதானே, ஏன் இப்படிப் பண்றீங்க" என்று கேட்டிலேயே நிறுத்திப் பேசுவார்கள். அந்த 'நம்ம ஆளுங்க'வில் உள்ளே இருப்பவரும் சேர்த்திதானே அண்ணே என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்றிரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் பாஸ்போர்ட்டுகளை எல்லாம் அவரவர் கையில் கொடுத்து, பூட்டுப்போட்ட பெட்டியும் வாங்கிக் கொடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐரீன் ஃபெர்னாண்டஸ் அம்மாவை நினைத்துக்கொள்வேன். அவரும் கெடாவில் தோட்டச் சூழலில் வளர்ந்தவர். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் பாட்டை 1995இல் எழுதி வெளியிட்டார். அதற்காக அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 2003இல் தண்டனை, 2008இல்தான் குற்றமில்லை என்று விடுதலை. கேட்டதைக் கேட்டபடி எழுதி வைத்ததற்குப் பன்னிரண்டு வருடம் கோர்ட்டுப் படி ஏறியிருக்கிறார். அந்தத் தாளில் இருந்தது நம் சாதிசனமா, நம் மொழியா என்று அவர் பார்க்கவில்லை. 2014இல் இறந்தார்.

---

புகார் கொடுத்தவருக்கு அடுத்த நாள் காலையில் என்ன நடக்கும் என்பதுதான் எங்கள் வேலையில் மிகவும் கஷ்டமான இடம்.

வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை பெர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளி ரத்து செய்துவிட்டால் நாட்டில் தங்க சிறப்பு பாஸ் வாங்க வேண்டும். அதற்குப் பணம் கட்ட வேண்டும், திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். அந்த பாஸ் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. கூலி வராத ஆள், கூலி கேட்டு வழக்குப் போட்டுவிட்டு, வழக்கு முடியும் வரை கூலி இல்லாமல் இருக்க வேண்டும். இது சரியில்லை. எத்தனை நல்ல பிரிவுகள் எழுதினாலும், இதை மாற்றாமல் அவை நடைமுறைக்கு வராது என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் அறைக்கு வந்து, எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டு, "வேணாங்க்கா, எழுதாதீங்க" என்று எழுந்து போனவர்கள் நிறைய. நான் அவர்களைக் கோழை என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

எழுந்து போகாதவர்களுக்கு ஆதாரம் வேண்டும். இங்கேதான் 555 நோட்டு வருகிறது.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். உள்ளங்கை அளவு, மெல்லிய அட்டை, மேலே பெரிதாக 555. சீனர் கடையில் நம் அம்மாக்களின் கடன் கணக்கெல்லாம் அதில்தான் ஏறியது. அந்த சிவகங்கைத் தம்பி சட்டைப் பையில் ஒன்று வைத்திருந்தான். வேர்வையில் ஊறி ஓரம் சுருண்டு, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. தேதி, எத்தனை குலை, உதிரிப் பழம் எத்தனை சாக்கு, மழை பெய்த நாளுக்கு ஒரு 'ம', காய்ச்சலுக்கு ஒரு 'கா'. அவன் அப்பா ஊரில் களத்துமேட்டில் இப்படி எழுதுவாராம், அந்தப் பழக்கம்.

குத்தகைக்காரர் கம்ப்யூட்டரில் அச்சடித்த கணக்குக் கொண்டுவந்தார். சுத்தமான தாள். அதில் ஒரு வாரம் முழுக்க வேலைக்கு வரவில்லை என்று இருந்தது. தம்பியின் நோட்டில் அந்த வாரம் ஐந்து நாள் குலைக் கணக்கு, இரண்டு நாள் 'ம'. முன்கடனுக்கும் தங்குமிடத்துக்கும் என்று சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடித்திருந்தது. ஒரு மாதப் பிடித்தம் பொதுவாகப் பாதிச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதிகாரி அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தமிழ் தெரியாது அவருக்கு. 'ம'வைச் சுட்டி, இது என்ன என்று கேட்டார். 'ஹூஜான்' என்றேன். மழை. தோட்டத்து ஒப்பீசில் மழைக் கணக்கைத் தனியாக வைத்திருப்பார்கள். அதை வரவழைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு நாளும் ஒத்துப்போனது.

தீர்ப்புச் சம்பளம் முழுதாக வரவில்லை, முக்கால்வாசி வந்தது. பாஸ்போர்ட் வந்தது. தம்பி இப்போது வேறு இடத்தில் வேலையில் இருக்கிறான், முறையாக.

---

வெளிநாட்டுக்காரருக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இங்கேயே பிறந்து, இங்கேயே பேரன் பேத்தி எடுத்த ஒரு பெரியம்மா, குடிமகள் அல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி வைத்திருக்கிறார். ஓட்டு இல்லை. முதியோர் உதவித் தொகை இல்லை. பிறந்தது 1960. சுதந்திர நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடிய இந்த நாட்டில் பிறந்தவர்கள், அரசியலமைப்பின்படி பிறப்பாலேயே குடிமக்கள். அப்பா அம்மா யார் என்ற கேள்விகூட இல்லை. அவர் செய்ய வேண்டியது, எப்போது, எங்கே பிறந்தார் என்று காட்டுவது மட்டும். சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) எடுக்கவில்லை. வீட்டில் பிறந்த பிள்ளை, பதிய யாரும் பட்டணம் போகவில்லை.

ஒரு நேர்முகத்தில் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "பழைய லயத்துல, ஆயாக் கொட்டாய்க்குப் பின்னால" என்றிருக்கிறார். கூட யாரும் போகவில்லை. 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டார்கள். ஆயாக் கொட்டகை, அதாவது வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இடம், எங்கே இருந்தது என்று இன்றைக்கும் அவரால் நடந்து போய்க் காட்ட முடியும். இப்போது அங்கே செம்பனைதான் நிற்கிறது.

அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மூடவில்லை, பட்டணத்துப் பக்கம் மாறி வந்துவிட்டது. பழைய சேர்க்கைப் பதிவேடு இரும்பு அலமாரியில் இருக்கும் என்று ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் சொன்னார். தேடிப் போனோம். கரையான் தின்றது போக மிச்சம். பழுப்புத் தாளில் நீல மசி. பெரியம்மாவின் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பேரும் தீம்பார் (தோட்டப் பகுதி) நம்பரும். அறுபதுகளில் ஏதோ ஒரு வாத்தியார், காலில் செருப்பில்லாமல் வந்த ஒரு பிள்ளையிடம் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். பெரியம்மாவுக்குப் படிக்க வராது, மூன்றாம் வகுப்போடு நின்றவர். நான் விரலை வைத்து வாசித்துக் காட்டினேன். தன் அப்பாவின் பெயர் வந்த இடத்தில் தானும் விரலை வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை.

பதிவேட்டின் உறுதி செய்யப்பட்ட நகலோடு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். ஒன்றரை வருடம் ஆகிறது. திங்கட்கிழமை தோறும் மாடி ஏறி வருவார். "கடுதாசி வந்துச்சா?" என்பார். இல்லை பெரியம்மா என்பேன். சரி என்று சொல்லி, டிரெசர் ஐயாவிடம் முட்டியைக் காட்டிவிட்டு இறங்கிப் போவார்.

போன வாரம் சீனர் கடையில் 555 நோட்டு இரண்டு டஜன் வாங்கினேன். சனிக்கிழமை புதிதாக ஆறு பேர் வந்திருந்தார்கள், திருவாரூர், புதுக்கோட்டைப் பக்கம். ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். என்ன எழுதணும்க்கா என்று கேட்டார்கள். தேதி, எத்தனை மணிக்குப் போனீங்க, எத்தனை மணிக்கு வந்தீங்க, எத்தனை குலை, மழையா, கையில எவ்வளவு கொடுத்தாங்க, எவ்வளவு பிடிச்சாங்க, யார் சொன்னாங்க. அவங்க சொன்ன வார்த்தைய அப்படியே எழுதுங்க, நீங்களா மாத்தாதீங்க என்றேன். ஒரு பையன் அங்கேயே பேனா வாங்கி முதல் பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டான். பக்கத்திலேயே ஒரு 'ம' எழுதினான். வெளியே நல்ல மழை.